கால்பந்துத் தடை ஆணை: இங்கிலாந்தில் ரசிகர் மேல் விழும் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் கால்பந்து மேட்சுக்குப் போன இடத்தில் வம்பு செய்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "அந்த கிளப் இனிமேல் உள்ளே விடாது" என்றுதான் பலரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் கிளப் போடும் தடை வேறு, நீதிமன்றம் போடும் தடை ஆணை வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து நீதிமன்றக் காகிதத்தை மேசையில் போட்டுவிட்டால், கடைசியில் சிறை வரைக்கும் போக வேண்டியிருக்கும். வெம்பிளி, ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் வாழும் நம் குடும்பங்களில் அர்செனலுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும் உயிரை விடும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிளப் தடை. மைதானம் கிளப்பின் இடம். யாரை உள்ளே விடுவது என்பது அவர்கள் முடிவு. சீசன் டிக்கெட்டை ரத்து செய்யலாம், இத்தனை ஆண்டு வரக்கூடாது என்று கடிதம் அனுப்பலாம். அந்தக் கடிதத்தை மீறி உள்ளே போனால் வெளியே அனுப்புவார்கள். முடிவு நியாயமில்லை என்று பட்டால் முதலில் கிளப்பிடமே முறையிட வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால், இதற்கென்றே இருக்கும் சுயேச்சையான கால்பந்துக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நீதிமன்றத்தின் தடை ஆணை 1989-ஆம் ஆண்டு கால்பந்துப் பார்வையாளர் சட்டத்தின் கீழ் வருவது. இது ஒரு கிளப்போடு நிற்காது. பிரீமியர் லீக், அதற்குக் கீழே உள்ள ஃபுட்பால் லீக், நேஷனல் லீக் என்று சட்டத்தில் வரும் எந்த மேட்சுக்கும் போகக்கூடாது. தன் அணி ஆடாத மேட்சும் இதில் சேர்த்திதான். மீறினால் அதுவே தனிக் குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது

1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூலுக்கும் யுவென்டஸுக்கும் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்கும் முன்பே லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வர, ஒதுங்கி ஓடியவர்கள் நெரிசலில் சிக்கினார்கள், சுவர் இடிந்தது, 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகள் 5 ஆண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. அன்றைய தாட்சர் அரசு, மேட்ச் பார்க்கும் ஒவ்வொரு ரசிகரும் அடையாள அட்டை வாங்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்தது. 1989 சட்டத்தின் முதல் பகுதி பெரும்பாலும் அதற்காகவே எழுதப்பட்டது.

அந்த மசோதா நாடாளுமன்றத்தில் இருந்தபோதே ஹில்ஸ்பரோ மைதானத் துயரம் நடந்தது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரம். நெரிசலில் நசுங்கி உயிரிழந்தவர்கள் 97 பேர். அன்று பட்ட காயங்களால் கடைசியாக ஒருவர் இறந்தது 2021-இல். முதலில் பழி ரசிகர்கள் மேல்தான் போடப்பட்டது. 27 ஆண்டுகள் கழித்து, 2016-இல், மரண விசாரணை ஜூரி அதைத் துடைத்தெறிந்தது: ரசிகர்களின் நடத்தை காரணமில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றது. கலவரக்காரக் கூட்டம் வேறு, சரியாகக் கையாளப்படாத கூட்டம் வேறு. அதிகாரத்தில் இருந்தவர்கள் இரண்டையும் குழப்பினார்கள். அதற்கு விலை கொடுத்தவை அந்தக் குடும்பங்கள்.

ஹில்ஸ்பரோவை விசாரித்த டெய்லர் பிரபு, அடையாள அட்டைத் திட்டம் வேண்டாம் என்று 1990 அறிக்கையில் சொன்னார். அரசு அதைக் கைவிட்டது. சட்டத்தின் இரண்டாம் பகுதி நடைமுறைக்கு வந்தது. எல்லா ரசிகர்களையும் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, வம்பு செய்த ஆளை மட்டும் பிடிப்பது என்ற வழி அதுதான். எனக்கு அது சரியான வழியாகவே படுகிறது. ஆனால் ஒரு தனி ஆளைப் பிடிக்கிற சட்டம் என்றால், அந்த ஆள் சொல்வதையும் முழுதாகக் கேட்டாக வேண்டும். கீழே சொல்லும் உரிமைகளை அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டு யூரோ கோப்பையில் பெல்ஜியத்தின் ஷார்லுவா நகரத் தெருக்களில் இங்கிலாந்து ரசிகர்கள் கலவரம் செய்தார்கள். இது தொடர்ந்தால் இங்கிலாந்து அணியையே போட்டியிலிருந்து நீக்குவோம் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் எச்சரித்தது. அதே ஆண்டு ஜூலையில் புதுச் சட்டம் நிறைவேறியது. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று இரண்டாக இருந்த தடைகள் ஒரே ஆணை ஆயின. தண்டனை பெறாத ஒருவர் மேலும் ஆணை போடலாம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது.

ஆணை வரும் இரண்டு வழிகள்

முதல் வழி, கால்பந்து தொடர்பான குற்றத்தில் தண்டனை பெறுவது. சண்டை போட்டால்தானே என்று நினைக்க வேண்டாம். 1991 கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி ஆடுகளத்தை நோக்கியோ பார்வையாளர் பக்கமோ எதை எறிந்தாலும் குற்றம்தான். எறிந்தது நாணயமா, பாட்டிலா, காலிக் கோப்பையா என்று சட்டம் பார்ப்பதில்லை. இனவெறிக் கோஷம் குற்றம். தக்க காரணம் இல்லாமல் ஆடுகளத்துக்குள் காலை வைப்பதும் குற்றம். காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியது உள்ளே போனவரின் பொறுப்பு. மைதானத்துக்குள் பட்டாசு, புகைக்குச்சி வைத்திருப்பது, ஆடுகளம் தெரியும் இடத்தில் மது வைத்திருப்பது, மேட்சுக்குப் போகும் வழியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மேட்சுக்கு 24 மணி நேரம் முன்போ பின்போ ரயிலிலோ பப்பிலோ நடந்த அடிதடியைக்கூட, கால்பந்தோடு தொடர்புடையது என்று நீதிமன்றம் அறிவிக்கலாம்.

நம் பிள்ளைகள் சறுக்கக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றுவது ஆடுகளத்துக்குள் ஓடுவதுதான். அணி ஜெயித்த சந்தோஷத்தில் ஆயிரம் பேர் குதிக்கிறார்கள், நானும் குதித்தேன் என்பது தக்க காரணம் ஆகாது. 2022 மே மாதம் நாட்டிங்ஹாமில் அப்படித்தான் கூட்டம் உள்ளே ஓடியது. அதில் ஒருவர், ஷெஃபீல்டு யுனைடெட் வீரர் பில்லி ஷார்ப்பைத் தலையால் முட்டினார். 24 வாரச் சிறையும் 10 ஆண்டுத் தடை ஆணையும் கிடைத்தன. அதற்குப் பிறகு 2022-23 சீசனிலிருந்து, ஆடுகளத்துக்குள் போனவர் யாராக இருந்தாலும் கிளப் தடை தானாகவே விழும் என்று லீகுகள் அறிவித்தன. சிறுவர்கள் உள்ளே ஓடினால், கூட வந்த பெற்றோர் மேலும் தடை வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் அப்பா அம்மாக்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

சட்டையில் எழுதியிருப்பதற்கும் ஆணை வரும். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு, ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களைக் கேலி செய்யும் வாசகம் போட்ட சட்டையோடு ஒருவர் வெம்பிளிக்கு வந்தார். 1,000 பவுண்டு அபராதம், 4 ஆண்டுத் தடை ஆணை. தன் பிள்ளையை அங்கே இழந்த ஒரு தாய் அதைப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், 4 ஆண்டு அதிகம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இணையத்துக்கும் இது பொருந்தும். 2021 யூரோ இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவர் மேலும் சமூக ஊடகங்களில் இனவெறி வசை கொட்டப்பட்டது. அதை அடுத்து 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டில் உட்கார்ந்து போனில் ஒரு வீரருக்கு இனவெறிச் செய்தி அனுப்பினாலும் தடை ஆணை வரும். ப்ரென்ட்ஃபோர்ட் வீரர் இவான் டோனிக்கு அப்படிச் செய்தி அனுப்பியவருக்கு 2023-இல் 3 ஆண்டு ஆணை போடப்பட்டது. அதே திருத்தம் இன்னொன்றையும் மாற்றியது. பட்டியலில் உள்ள குற்றத்தில் தண்டனை பெற்றால், நீதிமன்றம் ஆணை போட்டே ஆக வேண்டும். அந்த வழக்கின் தனிச் சூழ்நிலையில் அது அநியாயமாகிவிடும் என்று தெரிந்தால் மட்டுமே விடலாம்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. குற்ற வழக்கே இல்லாமல், போலீஸ் நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆணை கேட்கலாம். இரண்டு விஷயங்களை அவர்கள் காட்ட வேண்டும். இந்த ஆள் முன்பு எங்கேயாவது வன்முறையிலோ ஒழுங்கின்மையிலோ பங்கெடுத்திருக்கிறார். இவர் மேல் ஆணை போட்டால் கால்பந்து வன்முறையைத் தடுக்க உதவும். 10 ஆண்டுக்கு முந்தைய சம்பவங்களைப் பொதுவாக எடுக்க முடியாது. வெளிநாட்டில் நடந்ததையும் எடுக்கலாம். கேமரா காட்சிகளும் போலீஸ் குறிப்புகளும்தான் பெரும்பாலும் சாட்சி. இது சிவில் நடவடிக்கை என்பதால் ஆணை மட்டும் வந்தால் அது குற்றத் தண்டனை ஆகாது. ஆனாலும் விளைவு கடுமையானது என்பதால், குற்ற வழக்குக்கு நெருங்கிய அளவு உறுதியான நிரூபணம் வேண்டும் என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் இந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் வாதாட வேண்டும். குற்ற வழக்குகளுக்கான அரசு சட்ட உதவி இந்த வழக்குகளுக்கும் உண்டு. வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். ரசிகர்களின் தேசிய அமைப்பான கால்பந்து ஆதரவாளர் சங்கத்திடமும் வழி கேட்கலாம்.

எத்தனை ஆண்டு, என்னென்ன கட்டுப்பாடு

உடனடிச் சிறைத் தண்டனையோடு சேர்ந்து வந்தால் 6 முதல் 10 ஆண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் 3 முதல் 5 ஆண்டு. மூன்றுக்குக் கீழே இறக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை.

ஆணை போட்ட 5 நாளுக்குள் குறிப்பிட்ட காவல் நிலையத்துக்கு நேரில் போக வேண்டும். அப்புறம் பெயரோ முகவரியோ மாறினால் தெரிவிக்க வேண்டும். மேட்ச் நாளில் மைதானத்தைச் சுற்றி வரைபடத்தில் குறித்த எல்லைக்குள் வரக்கூடாது, குறிப்பிட்ட ரயிலில் ஏறக்கூடாது என்ற நிபந்தனைகளையும் நீதிமன்றம் சேர்க்கலாம். மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடோ வேலையோ இருந்தால், விசாரணையின்போதே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரிய வேலை.

அடுத்து பாஸ்போர்ட். இங்கிலாந்து அணியோ கிளப்போ வெளிநாட்டில் ஆடும்போது, 5 நாள் முன்பிலிருந்து ஆட்டம் முடியும் வரை கட்டுப்பாட்டுக் காலம். உலகக் கோப்பை, யூரோ மாதிரிப் பெரிய போட்டிகளுக்கு இது வாரக்கணக்கில் நீளும். அப்போது காவல் நிலையத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி அறிவிப்பு வரும். உலகக் கோப்பை பெரும்பாலும் கோடையில்தான் நடக்கும். யாழ்ப்பாணத்தில் திருவிழா, சென்னையில் கல்யாணம் என்று குடும்பமே டிக்கெட் போட்டிருக்கும் நேரம் அது. மேட்ச் நடப்பது வேறு நாட்டில், நாங்கள் போவது ஊருக்கு என்று வாதாடிப் பயனில்லை. பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் எங்கேயும் போக முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. சிறப்புக் காரணம் இருந்தால் விலக்குக் கேட்டு, இந்த ஆணைகளை நடைமுறைப்படுத்தும் தடை ஆணை அதிகார அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். கல்யாணப் பத்திரிகை, விமான டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம் எல்லாம் சேர்த்து, பயணத்துக்கு நிறைய நாள் முன்பே அனுப்ப வேண்டும். பதில் வராமல் கிளம்பிவிடக்கூடாது.

ஆணை போடும்போது அதன் பொருளை எளிய மொழியில் விளக்க வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆங்கிலம் சரளமில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தால், ஆறு மாதம் கழித்து மீறல் வழக்கில் "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கும் ஆணை வரலாம் என்பதால், பெற்றோரும் கூட இருந்து கேட்பது நல்லது.

போலீஸ் கேட்டு வந்த ஆணையை எதிர்த்து கிரவுன் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். தண்டனையோடு வந்ததென்றால், தண்டனையை எதிர்க்கும் அதே வழியில் எதிர்க்கலாம். கெடு குறுகியது, அந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

காலம் முடியும் முன்பே ஆணையை நீக்கச் சொல்லவும் முடியும். மூன்றில் இரண்டு பங்கு காலம் முடிந்திருக்க வேண்டும். 3 ஆண்டு ஆணை என்றால் 2 ஆண்டு. ஆணைக்குப் பிறகு எப்படி நடந்துகொண்டார், குணம் எப்படி, முதலில் நடந்தது எவ்வளவு பெரியது என்று நீதிமன்றம் பார்க்கும். வேலை, படிப்பு, உள்ளூர்ப் பயிற்சியாளர் தரும் கடிதம் என்று காட்டக்கூடியதை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். மறுத்துவிட்டால் அடுத்த விண்ணப்பத்துக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும்.