அந்தத் தாள் உங்கள் மார்க் ஷீட் அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. பெற்றோர் தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பிள்ளையிடம் கேட்கும் கேள்வித்தாளை என் அறையில் பதினைந்து வயதுப் பையன் நிரப்புகிறான், பக்கத்திலேயே அம்மா. கோபம் வந்தால் அம்மா பேசாமல் இருந்துவிடுவார் என்கிற வரியில் 'அடிக்கடி' என்பதை வட்டமிட்டான். ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அப்புறம் அதை அடித்துவிட்டு 'எப்போதாவது' என்று மாற்றினான். அந்தத் தாளை நான் மதிப்பிடவே இல்லை.

"அவன் பொய் எழுதறான் டாக்டர்" என்றார் அம்மா. (நான் டாக்டர் இல்லை, உளவியலாளர். சரி, அது தனிக்கதை.)

பொய்யா, உண்மையா என்று நாங்கள் தேடவே இல்லை, அம்மா. உங்கள் வீட்டில் நடப்பதைப் படம் பிடிக்கும் சிசிடிவி அல்ல இந்தக் கேள்வித்தாள். கோபம் தணியட்டும் என்று நீங்கள் அரை நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள். 'நான் அம்மாவுக்கு வேண்டாதவன்' என்று அவன் எடுத்துக்கொண்டிருப்பான். இரண்டுமே நிஜம்தான். அவன் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது. 1965இல் ஏர்ல் ஷேஃபர் என்ற உளவியலாளர் இப்படியொரு கேள்வித்தாளை உருவாக்கியபோது பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டதற்குக் காரணமே இதுதான். அதில் அன்பு, கண்டிப்பு, மனதைப் பிடித்து ஆட்டுவது (பேசாமலிருந்தோ குற்றவுணர்வு ஊட்டியோ வழிக்குக் கொண்டுவருவது) என்று மூன்றும் தனித்தனியாக வரும். கண்டிப்பான அப்பாவுக்கு அன்பிலும் நல்ல மதிப்பெண் கிடைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

"அவனப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்" என்பவர்களுக்கு ஒன்று. 2000இல் ஸ்டாட்டின், கெர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வேவு பார்த்துக் கிடைத்ததல்ல, பிள்ளையே வாய்விட்டுச் சொன்னது என்று தெரியவந்தது.

சக ஆலோசகர்களே, இணையத்தில் கிடைத்ததை அச்சடித்து வகுப்பு முழுக்க விநியோகிக்காதீர்கள். பெற்றோருடனான பிணைப்பை அளக்கும் பார்க்கர் குழுவின் 1979 கேள்வித்தாள், பெரியவர்கள் தங்கள் முதல் 16 வருடங்களை நினைத்துப் பார்த்து நிரப்ப எழுதப்பட்டது. அதன் 25 வரிகளில் சிலவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும், அதாவது கூடுதலுக்குப் பதில் குறைவு, குறைவுக்குப் பதில் கூடுதல். அதைக்கூடப் பார்க்காமல் கூட்டிப் போட்ட அறிக்கைகள் என் மேசைக்கு வருகின்றன. அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சேர்த்து ஒரே தாளில் நிரப்பச் சொல்வதையும் நிறுத்துங்கள்.

பெற்றோரே, வீட்டுக்குப் போனதும் "என்னைப் பத்தி என்ன எழுதின?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த தாளில் எல்லாமே 'எப்போதாவது'தான்.

அறைக்கு வெளியே நாற்காலி போட்டிருக்கிறேன். அவன் எழுதி முடிக்கும்வரை அங்கே உட்காருங்கள்.