அந்த சப்டொமைன் பெயர் யாருக்கும் தெரியாதாமே!

சர்வருக்குக் கட்டளையிடும் திரையை (ஷெல்) கடவுச்சொல் இல்லாமல் பிரவுசரில் திறந்து வைத்து, கண்டவன் உள்ளே புகுந்த சர்வர் இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஞாயிறு காலை தெரிந்த தம்பி ஒருவர் கூப்பிட்டார். “அண்ணா, சர்வர் நகரவே மாட்டேங்குது. ஹோஸ்டிங்காரங்க வேற, சர்வர் தப்பா பயன்படுதுன்னு அப்யூஸ் மெயில் அனுப்பியிருக்காங்க.” உள்ளே போய், எந்த நிரல் எவ்வளவு சிபியூ தின்கிறது என்று காட்டும் டாப் கமாண்டை அடித்தேன். நான்கு கோர் சர்வரில் ஒரே ப்ராசஸ் (கோருக்கு நூறு என்ற கணக்கில்) 398 சதவீதம் தின்றுகொண்டிருந்தது. கொன்றால் ஒரு நிமிடத்தில் திரும்ப எழுந்தது. ரூட்டின், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனரின், கிரான்டேபில் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) ஒற்றை வரி: நிமிடத்துக்கொரு முறை எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டு. அடுத்தவர் சர்வரில் கிரிப்டோ நாணயம் தோண்டும் கிரிப்டோ மைனர்தான்.

தம்பியின் ஆபீஸ் வைஃபையில், சர்வருக்குள் நுழையும் வழக்கமான வழியான எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட் அடைப்பு. அதனால் ஷெல்லை பிரவுசரில் காட்டும் டிடிஒய்டி என்ற நிரலை நிறுவி, அதில் ரூட்டாகவே பேஷ் ஷெல்லை ஓட்டி, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, எச்டிடிபிஎஸ்ஸின் 443-ஆம் போர்ட் வழியாக ஒரு சப்டொமைனில் திறந்திருக்கிறார். கடவுச்சொல்? “அந்த சப்டொமைன் பேரே யாருக்கும் தெரியாதே அண்ணா, எச்டிடிபிஎஸ்ஸும் போட்டிருக்கேன்.”

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எச்டிடிபிஎஸ்ஸுக்காக லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சேவையில் சான்றிதழ் வாங்கிய நொடியே உங்கள் ரகசியப் பெயர் ஊருக்கே தெரிந்துவிட்டது. சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன, யாரும் பார்க்கலாம். அதையே நாள் முழுக்க வேடிக்கை பார்க்கும் தானியங்கி நிரல்கள் (பாட்) இருக்கின்றன. பூட்டுக்காகப் போன இடத்தில் முகவரியைத் தண்டோரா போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லா சப்டொமைனுக்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் என்றால் அந்தப் பெயர் பதிவாகாது, சரி. ஆனால் டெர்ம், ஷெல், கன்சோல் என்றுதானே பெயர் வைப்பீர்கள்? ஊகிக்க எவ்வளவு நேரம்? பெயரே இல்லாமல் டிடிஒய்டியின் வழக்கமான 7681-ஆம் போர்ட்டை நேரடியாகத் திறந்தாலும் இதே கதைதான். 2013-இல் வந்த ஸீமேப் என்ற ஸ்கேனர், ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்தது. அப்புறம், எச்டிடிபிஎஸ் வழியில் ஒட்டுக் கேட்பவனைத்தான் தடுக்கும். நேராக வாசலுக்கு வருபவனைப் பத்திரமாக உள்ளே கூட்டி வரும்.

டிடிஒய்டியை, அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டுமே தொடக்கூடிய 127.0.0.1 முகவரியில் மட்டும் கட்டுங்கள். டாக்கர் கன்டெய்னரில் (நிரலைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் முறை) ஓட்டினால், வெளியே திறக்கும் போர்ட்டின் முன்னால் அதே முகவரியைப் போடுங்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டை யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது, அதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ரூட்டாக ஓட்டவே ஓட்டாதீர்கள். பேஷுக்குப் பதில் உள்ளூர் எஸ்எஸ்எச்சை அழைக்கச் சொன்னால் அதுவாவது கடவுச்சொல் கேட்கும். டிடிஒய்டிக்குத் தரும் கடவுச்சொல்லை கமாண்ட் வரியில் எழுதினால், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டை அந்த சர்வரில் அடிக்கிற எவரும் படிக்கலாம். என்ஜின்எக்ஸுக்கு முன்னால் இரண்டடுக்கு லாகின் வையுங்கள். இணைப்பு எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆரிஜின் சரிபார்ப்பையும் டிடிஒய்டியில் இயக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் லாகினில் இருக்கும்போது பிரவுசரின் பக்கத்து டேபில் திறந்த ஏதோ ஒரு பக்கம் உங்கள் ஷெல்லில் தட்டச்சு செய்யக்கூடும்.

உண்மையில் வயர்கார்ட் என்ற விபிஎன்னைப் போட்டுவிட்டால் முக்கால்வாசிப் பேருக்கு இது எதுவுமே தேவைப்படாது. ஆபீஸ் நெட்வொர்க்கில் தடை என்றால், தயவுசெய்து அங்கிருக்கும் அட்மினிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்மின்களான நாங்களும் மனிதர்கள்தான்.

தம்பி கடைசியாகக் கேட்டது: “அந்த ஃபைலை மட்டும் டெலீட் பண்ணிட்டா போதுமா அண்ணா?” போதாது. ரூட்டாக ஒருவன் உட்கார்ந்திருந்த சர்வர் அது. டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக நிறுவச் சொன்னேன். அதில் கிடந்த எஸ்எஸ்எச் சாவிகளும் ஏபிஐ டோக்கன்களும் எங்கெல்லாம் செல்லுபடியாகுமோ, அங்கெல்லாம் அன்று மாலை வரை மாற்றிக்கொண்டிருந்தோம்.