துவக்குக்கு லைசன்ஸ் இருந்தா தோட்டாவும் வீட்டில அடைக்கலாமோ? வன்னிக் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

முதல்லயே பதிலைச் சொல்லிப்போடுறன்: ஏலாது. இலங்கையில பயிர்ப் பாதுகாப்புக்கு எண்டு கச்சேரியால (மாவட்டச் செயலகத்தால) தாற லைசன்ஸ், அந்தத் துவக்கை வைச்சிருக்கவும் பாவிக்கவும் மட்டும்தான். சுட்ட தோட்டான்ர வெறுங்கோதைப் பொறுக்கி வந்து அதுக்குள்ள வெடிமருந்தும் சன்னமும் போட்டு அடைக்கிறது வேற சட்டத்தில வாற வேற விசயம், அதுக்கு உங்கட லைசன்ஸ் புத்தகம் ஒரு துளியும் உதவாது.

இந்தக் கேள்வி இப்ப ஏன் அடிக்கடி வருது எண்டா, வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் அனுப்புற வீடியோக்கள்தான் காரணம். அமெரிக்காவில ஒருத்தர் மேசையில மெசினைப் பூட்டி வைச்சு ஒவ்வொரு தோட்டாவா அடைக்கிறார், பிறகு அதை ஒரு தரத்துக்கு ஒண்டு மட்டும் போட்டுச் சுடுற நீட்டுக் குழல் பிஸ்டல்ல வைச்சு மான் சுடுறார். அங்க அது சரி. 1967ல வந்த தொம்சன் சென்ரர் கொன்ரெண்டர் மாதிரிப் பிஸ்டலுகள் வேட்டைக்கெண்டே செய்தது, ஒரே கைபிடியில குழலை மாத்தி மாத்திப் பூட்டலாம், றைபிளை விடக் குழல் கட்டையா இருக்கிறதால றைபிளுக்கு அடைச்ச தோட்டாவின்ர மருந்து அதில முழுசா எரியாது, அதாலதான் அந்த ஆக்கள் தங்கட பிஸ்டலுக்குத் தோதா தாங்களே அடைக்கினம். சொந்தப் பாவிப்புக்கு அடைக்கிறதுக்கு அமெரிக்க மத்திய அரசு லைசன்ஸ் கேக்கிறேல்ல, வித்தாத்தான் கேக்கும். கனடாவில இருக்கிற மச்சான் சொன்னாலும் கவனமா இருங்கோ, அங்கயே பிஸ்டலால வேட்டையாட விடமாட்டினம், 2022 ஒக்டோபருக்குப் பிறகு சாதாரண ஆக்கள் புதுசா கைத்துவக்கு வாங்கிறதையும் நிப்பாட்டிப் போட்டினம்.

எங்கட நாட்டில வேட்டைப் பிஸ்டல் எண்டு ஒரு வகையே லைசன்சில இல்லை. பிஸ்டல், றிவோல்வர் எல்லாம் தற்பாதுகாப்புக் கணக்கில பாதுகாப்பு அமைச்சுக் குடுக்கிறது, அதுவும் உயிருக்கு ஆபத்து எண்டு காட்டினாத்தான். 2024 நவம்பரில அப்பிடிக் குடுத்த துவக்குகளையே வெலிசறைக் கடற்படை முகாமில கொண்டுவந்து ஒப்படையுங்கோ, திரும்பப் பரிசீலிக்கப்போறம் எண்டு அமைச்சு சொன்னது. அப்ப வயல்காரனுக்குப் பிஸ்டல் எண்ட கதையை விட்டிடுங்கோ.

வயல்காரனுக்கு உள்ள வழி பன்னிரண்டு போர் சொட்கன். 1916ஆம் ஆண்டு 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இண்டைக்கும் அடிப்படை, 1996ல அதைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினவை. பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸை மாவட்டச் செயலாளர்தான் குடுக்கிறது, அதாவது வவுனியாவோ முல்லைத்தீவோ கிளிநொச்சியோ மன்னாரோ, உங்கட காணி எந்தக் கச்சேரிக்குக் கீழ வருதோ அங்க. ஆனா நேரே கச்சேரிக்கு ஓடிப் பிரயோசனம் இல்லை. கிராம சேவகர், பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பொலிஸ், இவை எல்லாத்தின்ர கடிதமும் அறிக்கையும் ஒரு பைலுக்குள்ள சேர வேணும். பொலிஸ் பாக்கிறது உங்களில வழக்கு ஏதும் இருக்கோ, துவக்கைப் பத்திரமா வைக்க வீட்டில இடம் இருக்கோ எண்டு. கமநலம் பாக்கிறது நீங்கள் உண்மையா கமம் செய்யிறியளோ, பன்றியும் குரங்கும் உண்மையா அழிக்குதோ எண்டு. அதால உழுந்தையோ கச்சானையோ பன்றி கிண்டின அண்டைக்கே கிராம சேவகரிட்டச் சொல்லிப் பதிஞ்சு, போனில நாலு படமும் எடுத்து வையுங்கோ. அறுவடை முடிஞ்சு வெறுந்தரையைக் காட்டி அழிவெண்டு சொன்னா ஆரும் நம்பமாட்டினம்.

எங்கட பக்கம் இழுபடுறது பெரும்பாலும் காணிப் பேர்மிற்றில. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கமெல்லாம் கன காணி உறுதிக் காணி இல்லை, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில குடுத்த பேர்மிற் காணி, பேர்மிற் அப்பான்ர பேரில, அப்பா இல்லை, கடதாசி இடம்பெயர்வில துலைஞ்சுது, இப்ப மகன் செய்யிறார் ஆனா பேர் மாத்தேல்ல. இந்த நிலையில துவக்குக்கு விண்ணப்பிச்சா போம் கமநலத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில பந்து மாதிரி உருளும். முதல்ல பிரதேச செயலகக் காணிக் கிளையில பேர்மிற் பிரதியையும் பின்னுரித்தையும் (அப்பாவுக்குப் பிறகு காணி ஆருக்கு எண்ட பதிவை) சரிக்கட்டிப்போட்டுத் துவக்குக்குப் போங்கோ, அதுக்குப் பிந்தினாலும் பரவாயில்லை.

சரி, லைசன்ஸ் வந்திட்டுது. இனித் தோட்டா. லைசன்ஸ் புத்தகத்தைக் காட்டி, அனுமதி உள்ள இடத்தில, அனுமதிச்ச அளவு வாங்க வேண்டியதுதான். விலை கூட, கிடைக்கிறதும் குறைவு, அதாலதான் ஆக்களுக்கு வெறுங்கோதைத் திருப்பி அடைக்கிற யோசனை வாறது எண்டு விளங்குது. ஆனா வெடிமருந்து செய்யிறதும் வைச்சிருக்கிறதும் 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குக் கீழ போகுது, அதுக்கு வேற அனுமதி, அது கல்லுடைக்கிற குவாரிக்காரர் மாதிரி ஆக்கள் எடுக்கிறது. லைசன்ஸ் உள்ள துவக்குக்காரர்ர வீட்டில ஒரு போத்தில் மருந்து பிடிபட்டா துவக்கு லைசன்ஸும் சேந்து போகக்கூடும். இருந்ததையும் கெடுத்த கதைதான்.

இதைவிடப் பெரிய பிரச்சினை இடியன் துவக்கு, அதாவது பட்டறையில செய்யிற நாட்டுத் துவக்கு. "நான் ஒருத்தரையும் சுடேல்ல, பன்றிக்குத்தானே வைச்சிருந்தனான்" எண்டு நீதவானுக்கு முன்னால சொல்லுற ஆக்கள் இருக்கினம். சட்டம் எதுக்கு வைச்சிருந்தனி எண்டு முதல்ல கேக்கிறேல்ல, லைசன்ஸ் இருக்கோ எண்டுதான் கேக்கிறது, பட்டறையில செய்த துவக்குக்கு லைசன்ஸ் ஆரும் குடுக்கவும் மாட்டினம். குழல் வாயால மருந்து இடிச்சு அடைக்கிற சாமான், ஒருக்கா கூடிப்போனா குழல் வெடிச்சு விரலும் கண்ணும் போகும். கட்டுத்துவக்கு அதைவிடப் பாவம், பன்றி வாற தடத்தில துவக்கைக் கயிறோட கட்டி விட்டிட்டு, கட்டினவர் வீட்டில படுத்திருப்பார், விடிய விறகுக்கோ தேனுக்கோ போற மனுசன்ர காலில வெடிக்கும். தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற பன்றிவெடியும் அப்பிடித்தான், பன்றிக்கு வைச்சதை யானைக்குட்டி கடிச்சு வாய் சிதறி, தின்னவும் ஏலாம நாள்கணக்கா அலைஞ்சு சாகும். மூண்டுமே குற்றம், இதில "பழக்கமாச் செய்யிறம்" எண்டது ஒரு நியாயமில்லை.

வன்னிக்கெண்டே உள்ள இன்னொரு விசயம் சண்டைக் காலத்துச் சாமான். காணி துப்புரவாக்கேக்க ரவைப் பெட்டியோ செல்லோ கிளம்பினா அதைப் பிரிச்சு மருந்து எடுக்கிற வேலை வேண்டாம். மண்ணுக்குள்ள இவ்வளவு காலம் கிடந்த சாமான் எப்பிடி நிக்குதெண்டு தொழில் தெரிஞ்சவனுக்கே நிச்சயமில்லை. கண்ட இடத்தில ஒரு தடியில துணி கட்டி நட்டுப்போட்டு, பிள்ளையளைத் தள்ளி நிப்பாட்டி, பொலிசுக்குச் சொல்லுங்கோ, அவை நீதிமன்ற உத்தரவு எடுத்துக் குண்டு செயலிழக்கச் செய்யிற ஆக்களைக் கூட்டி வருவினம். "பொலிசுக்குச் சொன்னா என்னைத்தான் கேள்வி கேப்பாங்கள்" எண்ட பயம் நியாயமானதுதான், ஆனா கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு போய் முறைப்பாடா எழுதுவிச்சா அந்தப் பயம் குறையும். ஒளிச்சு வைச்சுப் பிறகு பிடிபடுறதுதான் கஷ்டம், அதுவும் ரி-56 மாதிரித் தானியங்கித் துவக்கெண்டா 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின்ர படி ஆயுள் தண்டனை வரைக்கும் போகும்.

லைசன்ஸ் துவக்கெண்டாலும் கண்ட மிருகத்தையும் சுடேலாது. 1937ஆம் ஆண்டு வனசீவராசிச் சட்டத்தில யானை, மான், மரை எல்லாம் பாதுகாக்கப்பட்டது. அமைச்சர் மேடையில "குரங்கைச் சுடுங்கோ, மயிலைச் சுடுங்கோ" எண்டு சொன்ன செய்தியை நம்பி வெளிக்கிடாதேங்கோ, வர்த்தமானியில வராத வரைக்கும் அது பேச்சுத்தான். மடு றோட், சுண்டிக்குளம் இரண்டும் 2015ல தேசியப் பூங்கா ஆக்கினது, அந்த எல்லைக்குள்ள துவக்கோட காலே வைக்கக்கூடாது, எல்லை எங்க எண்டு வனசீவராசிக் கந்தோரில கேட்டு வைச்சிருங்கோ, பக்கத்து வயல்காரரிட்டக் கேட்டா அவர் தனக்குச் சாதகமாத்தான் காட்டுவார்.

லைசன்ஸ் டிசம்பர் 31ஓட முடியும், புதுப்பிக்கிறது வழமையா ஒக்டோபர் 1ல இருந்து. அந்த நேரம் எங்களுக்குக் காலபோக விதைப்பு, மழை, உரம் எண்டு தலை சுத்துற காலம், மறந்து போகும், அதால ஒக்டோபரிலயே செய்யுங்கோ. துவக்கு ஆர்ர பேரில இருக்கோ அவர்தான் பாவிக்கலாம், தம்பிக்கோ அயல் வயலுக்கோ இரவல் குடுக்கேலாது. உரிமையாளர் மோசம் போனா லைசன்ஸ் தானா மகனுக்கு வராது, துவக்கைப் பொலிசில ஒப்படைச்சுப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, மகன் தன்ர பேரில புதுசா விண்ணப்பிக்க வேணும்.