சேஃப்டி பைலட்டாகப் பறந்த நேரத்தை லாக்புக்கில் எழுதலாமா?

டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்திலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒரிபியிலோ பிரைவேட் பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டு, பறக்கும் மணிகளைச் சேர்க்க அமெரிக்கா போகும் நம் பிள்ளைகள் அங்கே முதலில் கேள்விப்படுவது இதுதான்: இரண்டு பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்தால், ஒருவர் ஹூட் (வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் மறைப்பு) போட்டு ஓட்டலாம், மற்றவர் அவருக்காக வெளியே பார்க்கும் சேஃப்டி பைலட்டாக உட்காரலாம், இருவருமே லாக்புக்கில், அதாவது பறந்த மணிகளைப் பதியும் ஏட்டில், நேரம் எழுதிக்கொள்ளலாம். இது உண்மைதான். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதி அதற்கு இடம் தருகிறது. உரிமை இருக்கும்போது எழுதாமல் விடத் தேவையில்லை. ஆனால் எத்தனை நிமிடம், லாக்புக்கின் எந்தப் பத்தியில் (நெடுவரிசையில்) என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். அந்தத் தவறு ஊர் திரும்பி லைசென்ஸை உயர்த்தப் போகும் நாளில்தான் வெளியே வருகிறது.

விதியின் அடிப்படை எளிமையானது. ஹூட் போட்டவருக்கு வெளியே தெரியாது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவார். அவருக்குப் பதிலாக வெளியே பார்க்க, மறு கட்டுப்பாட்டு இருக்கையில் தகுதியுள்ள ஒரு விமானி இருந்தே ஆக வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. விதி 91.109 சொல்கிறது. ஒருவரே ஓட்டக்கூடிய செஸ்னா 172 கூட, ஹூட் போட்டிருக்கும் அந்த நேரத்துக்கு மட்டும், சட்டப்படி இரண்டு விமானிகள் தேவைப்படும் விமானமாகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் நேரம் எழுதும் உரிமை இதிலிருந்துதான் பிறக்கிறது. ஹூட்டைக் கழற்றிய நொடியில் அவர் தேவையான விமானி அல்ல. உரிமையும் அத்துடன் நின்றுவிடும்.

சேஃப்டி பைலட்டுக்குக் குறைந்தது பிரைவேட் பைலட் லைசென்ஸ் வேண்டும். மாணவ விமானி உட்கார முடியாது. ஓட்டப்போகும் விமானத்தின் வகைக்கும் பிரிவுக்கும் ரேட்டிங், அதாவது லைசென்ஸில் பதிந்த தகுதி, இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். ஒற்றை எஞ்சின் ரேட்டிங் மட்டும் வைத்திருப்பவர் நண்பரின் இரட்டை எஞ்சின் விமானத்தில் சேஃப்டி பைலட்டாக உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அவருடைய நேரம் செல்லாது என்பதோடு முடியவில்லை. அந்தப் பயணமே விதிமீறலாகிவிடும். ஹூட் போட்டவர் கணக்கில் எழுதிய அப்ரோச்சுகளும் (கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது) மதிப்பிழக்கும்.

மருத்துவச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பேசிக்மெட் என்னும் எளிய மருத்துவ ஏற்பாடு 2022 டிசம்பர் வரை பி.ஐ.சி.க்கு (பயணத்துக்குப் பொறுப்பான தலைமை விமானிக்கு) மட்டுமே பொருந்தியது, இப்போது பி.ஐ.சி. அல்லாத சேஃப்டி பைலட்டுக்கும் பொருந்தும். தென்னாப்பிரிக்க லைசென்ஸை அடிப்படையாக வைத்து அமெரிக்க பிரைவேட் லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மூல லைசென்ஸ் நடப்பில் இருந்து, அது கையிலும் இருந்தால்தான் அமெரிக்க அட்டை செல்லும். அதை டர்பன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி முக்கியமான கேள்வி: பி.ஐ.சி. என்று எழுதுவதா, எஸ்.ஐ.சி. (துணை விமானி) என்று எழுதுவதா? பி.ஐ.சி.யாக இருப்பது வேறு, பி.ஐ.சி. நேரம் எழுதுவது வேறு. முதலாவது பொறுப்பு: விபத்தோ விதிமீறலோ நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது. இரண்டாவது கணக்கு மட்டும். விதி 61.51-இன்படி, ரேட்டிங் உள்ள விமானத்தைத் தனியாகக் கையாள்பவர், பொறுப்பு யாரிடம் இருந்தாலும், பி.ஐ.சி. நேரம் எழுதலாம். ஆகவே ஹூட் போட்டவருக்கு எப்போதும் பி.ஐ.சி. நேரம் உண்டு. பக்கத்தில் இருப்பவர் அந்த நேரத்துக்குப் பொறுப்பை ஏற்றிருந்தால் அவரும் பி.ஐ.சி. எழுதலாம். ஏற்கவில்லை என்றால் எஸ்.ஐ.சி. மட்டும்.

இதை எஞ்சினைக் கிளப்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். “லோகன் அண்ணா, ஹூட் போட்ட பிறகு பி.ஐ.சி. நீங்களா, நானா?” என்ற ஒரு கேள்வி போதும். இறங்கிய பிறகு லாக்புக்குக்கு வசதியாக முடிவு செய்வது நேர்மையல்ல.

பொறுப்பை ஏற்பவரிடம் அதற்கான தகுதி முழுவதும் இருக்க வேண்டும். ஃப்ளைட் ரிவ்யூ (பயிற்றுநரிடம் அவ்வப்போது செய்ய வேண்டிய மறுபரிசீலனை) காலாவதியாகியிருக்கக் கூடாது. விமானம் காம்ப்ளெக்ஸ் (மடங்கும் சக்கரம் போன்றவை கொண்டது), ஹை பெர்ஃபார்மன்ஸ் (சக்தி மிகுந்த எஞ்சின் கொண்டது), டெயில்வீல் (வாலில் சக்கரம் கொண்டது) வகையைச் சேர்ந்தது என்றால் அதற்குப் பயிற்றுநர் எழுதித்தரும் எண்டார்ஸ்மென்ட் வேண்டும், எஸ்.ஐ.சி.யாக மட்டும் இருப்பவருக்கு அது வேண்டாம். ஐ.எஃப்.ஆர். (கருவிகளை நம்பிப் பறப்பதற்கான விதிகள்) திட்டத்தில் பறந்தால் பி.ஐ.சி.க்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் அதன் நடப்புத் தகுதியும் வேண்டும். விமானத்தை வாடகைக்கு விடுபவரின் இன்சூரன்ஸில் அவர் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விதி அனுமதித்தாலும், இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளாத ஒருவர் பொறுப்பை ஏற்பது பெரிய ஆபத்து.

ஓர் உதாரணக் கணக்கு. லோகன் ஹூட் போடுகிறார். தேவன் சேஃப்டி பைலட், ஹூட் நேரத்துக்குப் பி.ஐ.சி. பொறுப்பும் அவருக்கே. எஞ்சின் கிளப்பி, டாக்ஸி செய்து, மேலேறி ஹூட் போட 20 நிமிடம். ஹூட்டில் 35 நிமிடம், முதல் அப்ரோச் அதன் முடிவில். ஹூட்டைக் கழற்றி, இறங்காமல் மறுபடி மேலேறி (கோ-அரவுண்ட்), திரும்ப ஹூட் போட 5 நிமிடம். மீண்டும் ஹூட்டில் 31 நிமிடம், இரண்டாவது அப்ரோச். இறங்கி நிறுத்த 11 நிமிடம். எஞ்சின் ஓடும் நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரில் மொத்தம் 102 நிமிடம், அதாவது 1.7 மணி. ஹூட் நேரம் 66 நிமிடம், அதாவது 1.1 மணி.

லோகன் எழுத வேண்டியது: மொத்தம் 1.7, பி.ஐ.சி. 1.7, சிமுலேட்டட் இன்ஸ்ட்ருமென்ட் (ஹூட் போட்டுக் கருவிகளால் ஓட்டிய நேரம்) 1.1, அப்ரோச் 2 (இடமும் வகையும் சேர்த்து), லேண்டிங் 1, குறிப்பில் தேவனின் பெயர். சேஃப்டி பைலட்டின் பெயரை எழுதுவது விதி. தேவன் எழுத வேண்டியது: மொத்தம் 1.1, பி.ஐ.சி. 1.1. அவ்வளவுதான். லேண்டிங் இல்லை, அப்ரோச் இல்லை, இன்ஸ்ட்ருமென்ட் நேரம் இல்லை, ஏனென்றால் அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கிராஸ் கன்ட்ரி (வேறு இடத்துக்குப் பறந்து போகும்) நேரமும் இல்லை. புறப்பட்டது முதல் இறங்கியது வரை முழுப் பயணத்தையும் நடத்தாதவர் அதைக் கோர முடியாது என்று எஃப்.ஏ.ஏ.வின் சட்டப் பிரிவு 2009-இல் எழுத்தில் விளக்கிவிட்டது. அமெரிக்க கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பொதுவாக வேண்டிய 250 மணியிலும் 100 மணி பி.ஐ.சி.யிலும் தேவனின் 1.1 சேரும், 50 மணி கிராஸ் கன்ட்ரியில் சேராது.

ஹாப்ஸ் எண்ணை இருவரும் அப்படியே எழுதிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஒரே விமானம், ஒரே நாள், இருவருக்கும் 1.7 பி.ஐ.சி. என்றால் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். டேக்ஆஃபும் ஹூட்டிலா என்று கேட்பார். தெரிந்தே பொய்யாக எழுதியது என்று முடிவானால் லைசென்ஸே பறிபோகலாம். இதைத் தவிர்க்க, முழங்காலில் கட்டும் நீபோர்டில் ஹூட் போட்ட நேரம், கழற்றிய நேரம் இரண்டையும் சேஃப்டி பைலட்டே குறிக்கட்டும். அவருக்குத்தான் கையும் கண்ணும் ஓய்வாக இருக்கும்.

வாடகையையும் எரிபொருளையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் பறக்கும் நேரத்தையே ஒருவகை ஊதியமாக எஃப்.ஏ.ஏ. பார்க்கும், பிரைவேட் லைசென்ஸ்காரர் ஊதியத்துக்குப் பி.ஐ.சி.யாக இருக்க முடியாது.

இனி ஊர் திரும்பிய பிறகு நடப்பது. மிட்ராண்டில் உள்ள தென்னாப்பிரிக்க விமானத் துறை ஆணையம் தன்னுடைய 61ஆம் பகுதி விதிகளை வைத்துத்தான் மணிகளை எண்ணும், எஃப்.ஏ.ஏ. விதியைக் காட்டி அங்கே வாதாட முடியாது. தென்னாப்பிரிக்கா உறுப்பு நாடாக உள்ள சர்வதேச அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் முதலாம் இணைப்பும் கவனிக்க வேண்டியது. ஒரு விமானிக்கென்று சான்று பெற்ற விமானத்தில், ஒரு நாட்டின் விதி கேட்பதால் துணை விமானியாக உட்கார்ந்த நேரத்தில், உயர்ந்த லைசென்ஸின் மொத்த மணிக்கு அதிகபட்சம் 50 சதவீதமே சேரும் என்கிறது அது. எஸ்.ஐ.சி.யாக 40 மணி எழுதியிருந்தால், அந்த அளவுகோலில் 20 மணிதான்.

ஆகவே லாக்புக்கில் காலியாக இருக்கும் ஒரு பத்தியை சேஃப்டி பைலட் நேரத்துக்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் “சேஃப்டி பைலட், ஹூட் 1.1, ஓட்டியவர் லோகன்” என்று குறிப்பு இருக்கட்டும். அதிகாரி அந்த நேரத்தைக் கழித்தாலும் மற்ற கணக்கு கலையாது. தென்னாப்பிரிக்க கமர்ஷியலுக்கு வேண்டிய 200 மணியை இந்த நேரம் இல்லாமலே நிரப்பத் திட்டமிடுவதுதான் எங்கள் திடமான யோசனை.

ஏற்கனவே ஹாப்ஸ் எண்ணை எழுதிவிட்டவர்கள் வெள்ளை மை பூசவோ பக்கத்தைக் கிழிக்கவோ வேண்டாம். பழைய எண் படிக்கும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, தேதியும் கையெழுத்தும் போடுங்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மொத்தக் கூட்டலையும் திருத்துங்கள். கூட்டுபவர்கள் பாதியில் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.