ஊமைப்படமா, பேசாப்படமா?

உரையாடலும் இசையும் படச்சுருளில் பதிவாகாத காலத்துத் திரைப்படத்தை ஊமைப்படம், மௌனப்படம், சலனப்படம், பேசாப்படம் என்று பலவாறு எழுதுகிறோம். நான்கும் ஒரே பொருளைச் சுட்டினாலும் நான்கின் உட்பொருளும் ஒன்றல்ல. இவற்றுள் பேசாப்படம் என்பதே செம்மையான சொல் என்பது என் உறுதியான கருத்து.

1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டியபோது, அதில் ஒலி இல்லையே என்று பெயரிட எவருக்கும் தோன்றவில்லை. அசைவே வியப்பாக இருந்தமையால், அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சினிமா என்ற பெயரும், உயிர் என்றும் பார்த்தல் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து பயாஸ்கோப் என்ற பெயரும் பிறந்தன. காவிரிக் கரையில் இந்தப் புதுமை வேரூன்றியது 1905இல். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். அசையும் படம் என்ற பொருளில் வழங்கிய சலனப்படம் என்ற சொல் அந்த வியப்பைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் பேசும் படமும் அசையும் படமே. ஆகவே ஒலி வந்த பிறகு இச்சொல்லால் இரண்டையும் பிரித்துக் காட்ட இயலவில்லை.

பிரித்துச் சொல்லும் தேவையே பின்னால் வந்ததுதான். 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியாகித் திரையில் தமிழ் ஒலித்த பின்னரே, முந்தையவற்றுக்கு ஒரு தனிப்பெயர் வேண்டியதாயிற்று. அப்படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி திருவையாற்றில் பிறந்தவர். பேசாத படங்களிலும் நடித்துப் பழகியவர். பாபநாசத்தைச் சேர்ந்த இயக்குநர் கே. சுப்பிரமணியமும் பேசாத படங்களில் நடிகரும் இயக்குநருமான ராஜா சாண்டோவுடன் பணியாற்றித் தேர்ந்தவரே. பழைய கலை பயிற்றிய கைகளே புதிய கலையைத் தொடங்கிவைத்தன என்பதைக் காவிரிப் படுகைக்காரர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

ஊமை என்பது பழந்தமிழ்ச் சொல். குறுந்தொகை 58ஆம் பாட்டில், ‘ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில், கையில் ஊமன் கண்ணிற் காக்கும் வெண்ணெய்’ என்று வெள்ளிவீதியார் பாடுகிறார். வெயிலில் கொதிக்கும் பாறைமேல் வைத்த வெண்ணெய் உருகிப் பரவுகிறது. காவல் இருப்பவனுக்கு அதை எடுக்கக் கையும் இல்லை, பிறரைக் கூவி அழைக்கப் பேச்சும் இல்லை. உள்ளே இருப்பது வெளியே வர வழியில்லாத நிலையே ஊமை. வெளியே தெரியாத அடியை ஊமைக்காயம் என்றும், மேகத்துக்குள் நின்று புழுங்கவைக்கும் வெயிலை ஊமை வெயில் என்றும் இன்றும் சொல்கிறோம். கண்ணாலும் புருவத்தாலும் விரல் நுனியாலும் எல்லாவற்றையும் வெளிப்படுத்திய ஒரு கலைக்கு இச்சொல் எப்படிப் பொருந்தும்? மேலும், மனிதரின் குறையைச் சுட்டும் சொல்லாக இதை ஆள்வதையே இன்று நாகரிகம் கருதித் தவிர்த்துவருகிறோம்.

மௌனம் என்பது முனி என்ற வடசொல்லின் வழியே வந்தது. முனிவரின் நிலை, அதாவது விரும்பி மேற்கொண்ட பேசாமை என்பது அதன் பொருள். அந்தப் படங்கள் நோன்பிருந்து வாய் மூடியவை அல்ல.

படங்கள் பேசவில்லையே தவிர, கொட்டகை நிறையப் பேசியது. திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவார். ஆர்மோனியமும் தபேலாவும் முழங்கும். காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளை எழுத்தறிந்தவர் அக்கம்பக்கத்தாருக்குப் படித்துச் சொல்வர். தோற்பாவைக்கூத்தில் விளக்கொளி பட்ட திரையைப் பார்த்துக்கொண்டே பாட்டும் வசனமும் கேட்டும், தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் செழிக்கச் செய்த கதாகாலட்சேபத்தில் இசையோடு கதை கேட்டும் பழகிய தஞ்சைச் சீமைக்கு, இது அந்நியமான அனுபவம் அன்று.

ஆகவே படத்தின் இயல்பை மட்டும் கூறி, குறை கற்பிக்காத சொல் வேண்டும். பேசாத என்ற எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டுப் பேசா என்று நிற்க, அதன்பின் வல்லினம் மிகுந்து பேசாப்படம் என்றாகிறது. ஒற்றில்லாமல் ‘பேசா படம்’ என்று எழுதுவது பிழை. ‘பேசாத படம்’ என்று விரித்தால் ஒற்று மிகாது. ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி’ என்ற பட்டினப்பாலை அடியில் உள்ள பொய்யா என்பதும் இதே வடிவம்தான். பேசும் படம் என்பதற்கு நேர் எதிர்ச்சொல்லாகவும் பேசாப்படம் அமைந்துவிடுகிறது.

பேசாப்படத்தில் மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள் என்ற எண்ணமும் திருத்தத்தக்கது. அன்று கருவியைக் கையால் சுழற்றி, நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள், என்ற வேகத்திலும் சில வேளைகளில் அதற்கு மேலும் படம் பிடித்தனர். ஒலிப்படத்துக்கென நிலைத்த 24 சட்டக வேகத்தில் அதை ஓட்டினால் சாதாரண நடையும் ஓட்டமாகிவிடும். உரிய வேகத்தில், உரிய இசையுடன் பார்க்கையில்தான் நடிப்பின் நிதானம் புலப்படும். நம்மிடம் பார்ப்பதற்கு எஞ்சியவைதாம் மிகக் குறைவு. நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ நமக்குக் கிடைக்கவில்லை. 1933இல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற பேசாப்படத்தின் பிரதி புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

சொல்லாட்சியில் இன்னும் ஓர் எச்சரிக்கை. ஒலிப்பதிவு இருந்தும் உரையாடலைத் தவிர்த்த படங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. 1987இல் வந்த ‘பேசும் படம்’ அத்தகையது. அதைப் பேசாப்படம் என்பதைவிட உரையாடலற்ற படம் என்பதே பொருந்தும். பேசாப்படக் காலம், பேசாப்பட நடிகை என்னும் தொடர்களை, ஒலி திரைக்கு வருவதற்கு முந்தைய கலைக்கே உரியனவாக வைத்துக்கொள்ளலாம்.