படம் விற்றால்தான் கூலியா?

போன வாரம் கேத்தியிலிருந்து ஒரு தம்பி குன்னூரில் என் அலுவலகத்துக்கு வந்தார். லவ்டேல், பைக்காரா பக்கம் எடுத்த ஒரு வெப் சீரிஸில் ஆர்ட் டிபார்ட்மெண்ட் உதவியாளர். 41 நாள் வேலை, கைக்கு வந்தது 18 நாள் கூலி. "மேனேஜர் அண்ணன்கிட்ட கேட்டேன் சார். இன்னும் ஓடிடி எடுக்கலையாம். எடுத்ததும் செட்டில் பண்ணிடுவாங்களாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதே பதிலைச் சுமந்துகொண்டு இந்த வருஷம் என்னிடம் வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். உங்கள் கூலி படத்தின் லாபத்தில் பங்கு அல்ல. விற்றாலும் விற்காவிட்டாலும், ஓடினாலும் பெட்டிக்குள் கிடந்தாலும், வேலை பார்த்த நாளுக்குக் கூலி உண்டு. குன்னூர் ஏலத்தில் தூள் விலை போகவில்லை, அதனால் கொழுந்து பறித்த அம்மாவுக்கு விற்ற பிறகுதான் கூலி என்று ஒரு எஸ்டேட் சொன்னால் மலையே கூடிவிடாதா? சினிமா என்றதும் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்? லாபம் வந்தால் உங்களைக் கூப்பிட்டுப் பங்கு தரப்போவதில்லை. அப்புறம் நஷ்டத்தில் மட்டும் ஏன் பங்கு?

தயாரிப்பாளரின் நெருக்கடி பொய்யில்லை. 2020 ஊரடங்கில் தியேட்டர்கள் மூடியபோது ஓடிடி தளங்கள் படங்களை நேரடியாக வாங்கின. அந்த நம்பிக்கையில் பலர் வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்க வந்தார்கள். பிறகு தளங்கள் கையைச் சுருக்கிக்கொண்டன. விற்றாலும் பணம் ஒரே நாளில் வராது. கையெழுத்துக்குக் கொஞ்சம், பிரதி ஒப்படைத்ததும் கொஞ்சம், மீதி வெளியான பிறகு என்று தவணையாக வரும். வந்ததில் முதலில் வட்டி போகும், பிறகு பெரிய பெயர்கள். லைட் தூக்கியவர், சமைத்தவர், செட்டுக்கு ஆணி அடித்தவர் எல்லாம் வரிசையின் கடைசியில். ஆனால் அந்த ரிஸ்க் அவர் எடுத்தது, நீங்கள் எடுத்ததில்லை.

அந்தத் தம்பியின் நோட்டைப் பார்த்தேன். பனியில் நனைந்து ஓரம் சுருண்ட 40 பக்க நோட்டு. தேதி, இடம், எத்தனை கால்ஷீட் என்று பென்சிலில் எழுதியிருந்தார். இருக்கிற ஆதாரங்களில் அதுதான் பலமானது. பலவீனமானது வேறொன்று. கடைசி நாள் பேக்கப் நேரத்தில், தொகை எழுதாத வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். யாருக்கும் பாக்கி இல்லை என்று ஓடிடி தளத்துக்குத் தயாரிப்பாளர் உறுதி தரவேண்டிய விதி இந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். உங்கள் கையெழுத்து அவசரமாகத் தேவைப்படுவது அதற்குத்தான். வெற்று வவுச்சரில் போடாதீர்கள். எத்தனை முறை சொல்வது!

'பேக்கேஜ்' என்று ஒரே தொகை பேசினால் எத்தனை நாளுக்கு என்று அப்போதே கேளுங்கள். சீரிஸ் வேலை 30 நாள் என்று தொடங்கி 45 நாளுக்கு இழுக்கும், பேக்கேஜ் தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

ஓடிடியில் வந்த பிறகு ராயல்டி கிடைக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2012 காப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் போன்ற படைப்பாளிகளுக்கானது. செட் தொழிலாளிக்கு அப்படியொரு உரிமை நம் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் ஓடிடி வழி வரும் தொகையும் ஒரு முக்கியக் கோரிக்கை. இங்கே அந்தப் பேச்சுக்கு வருமுன் தினக்கூலியே வரவில்லை.

'பெப்சி கார்டு இல்லையே சார்' என்று தயங்க வேண்டாம். பெப்சி என்பது திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். கூலி கேட்கச் சட்டம் அதன் கார்டைக் கேட்பதில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தினக்கூலியை அன்றைய ஷிப்ட் முடியும்போதே தர வேண்டும். பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் மனு போடலாம். பாக்கியோடு அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. வெப் சீரிஸ் தொழிலாளர்களுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் சொல்கிறது. படப்பிடிப்புக்கு ஜீப்பை வாடகைக்கு விட்டவர்களுக்கு மட்டும் வழி வேறு. அது வாடகை பாக்கி, சிவில் கோர்ட் சமாச்சாரம்.

வேலைக்குப் போகும் முதல் நாளே கம்பெனியின் முழுப் பெயரைக் கேளுங்கள், மேனேஜர் பெயர் மட்டும் போதாது. பேசிய தொகையை வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி, 'சரி' என்ற பதிலை வாங்குங்கள். மெசேஜை அழிக்காதீர்கள். பான் எண் கொடுத்திருந்தால் வருமான வரித் தளத்தில் பாருங்கள். உங்கள் பெயரில் வரி பிடித்ததாகக் காட்டினால், கம்பெனி உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று அர்த்தம். பாக்கி இருந்தால் படம் வெளியாகும் முன்பே எழுத்தில் கேளுங்கள், ஓடிடி தளத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அந்தத் தம்பியின் மனுவை அடுத்த வாரம் தாக்கல் செய்கிறோம். அதே செட்டில் வேலை பார்த்த மற்றவர்கள் இதைப் படித்தால், நோட்டு, போட்டோ, மெசேஜ் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு அதற்குள் வாருங்கள். சேர்ந்தே போடலாம்.