தம்ப்நெயில் ஏன் சில நேரம் பொய் சொல்கிறது?

ஒரு கல்யாணத்தில் எடுத்த மூவாயிரம் ரா கோப்புகளை (கேமரா சென்சார் பதிந்த, பதப்படுத்தாத தரவு) லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் ஏற்றினால், சில நொடிகளில் திரை முழுக்கச் சிறுபடங்கள், அதாவது தம்ப்நெயில்கள், வந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட மென்பொருள் அதற்குள் முழுதாகத் திறந்திருக்காது. 6000×4000 அளவுள்ள படத்தில் 2.4 கோடி பிக்சல். திருத்தும் கணக்குக்கு ஒரு பிக்சலுக்கு நான்கு 32 பிட் எண்கள் வேண்டுமென்றால் 16 பைட். ஒரு படத்துக்கு 384 எம்பி. திரையில் தெரியும் 60 படங்களை அப்படியே திறந்தால் 23 ஜிபி ரேம் போய்விடும்.

முதலில் தெரிவது பெரும்பாலும் கேமரா தானே செய்து ரா கோப்புக்குள் வைத்த ஜேபெக் படம். அதை வெளியே எடுத்துக் காட்டுவது மிக மலிவான வேலை. “பளிச்சென்று வந்த படம் கொஞ்ச நேரத்தில் மங்கிவிட்டது” என்று பலர் குறைபடுவதன் காரணமும் இதுதான். முதலில் தெரிந்தது கேமரா தன் வண்ண அமைப்பில் சமைத்தது. பிறகு வருவது மென்பொருள் அதே ரா தரவிலிருந்து தன் கணக்கில் செய்தது. கோப்புக்கு எந்தச் சேதமும் இல்லை.

உள்ளே இருக்கும் ஜேபெக்கும் முழு அளவாக இருக்கலாம். அதைச் சுருக்க ஒரு அருமையான குறுக்குவழி உண்டு. ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றி வைக்கிறது. அதில் முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சத்தையோ நிறத்தையோ சொல்வது. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற 63ஐ விட்டுவிட்டால், 6000×4000 படம் நேரடியாக 750×500 படமாக வந்துவிடுகிறது. சுருக்கிய பிட்களைப் பிரித்துப் படிக்கும் வேலை முழுதாக நடந்தாக வேண்டும். ஆனால் அதற்குப் பின் வரும் கணக்கும் நினைவகமும் பெருமளவு மிச்சம்.

இப்படிச் செய்ததை ஒரே அளவில் வைத்தால் போதாது. டார்க்டேபிள் 180×110, 360×225, 720×450, 1440×900 என்று படிப்படியாகப் பல அளவுகளை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும் நீளமும் அகலமும் பாதியாகக் குறைந்தால், கீழ்ப்படிகள் எல்லாம் சேர்ந்தும் மேல்படியின் பிக்சல் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குதான். இடம் விழுங்குவது மேல்படி மட்டுமே.

வட்டில் இவை ஜேபெக்காக இருக்கும்போது சிறியவைதான். ரேமில் விரித்ததும் கதை மாறும். 360×240 படம், பிக்சலுக்கு 4 பைட் என்றால் சுமார் 345 கேபி. மூவாயிரம் படத்துக்கு 1 ஜிபியைத் தாண்டும். ஆகவே ரேமில் ஒரு வரம்பு வைத்து, நெடுநேரம் தொடாததை முதலில் வெளியேற்றுகிறார்கள். வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது கண்ணைக் கடந்துபோன படங்களுக்கான வேலையை ரத்து செய்வதும் அதே அளவு முக்கியம். செய்யாவிட்டால் கடைசியில் நின்ற இடத்தின் படங்கள், யாரும் பார்க்காத நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கும்.

இதுவரை சொன்னது வேகம். உண்மையில் கடினமானது, சேமித்த சிறுபடம் இன்னும் செல்லுமா என்று அறிவது. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளின் பொது விதியைப் பாருங்கள். கோப்பின் முழு முகவரியை, எந்த உரையையும் நிலையான நீளக் குறியீடாக மாற்றும் எம்டி5 கணக்கில் போட்டு வருவதுதான் சிறுபடத்தின் பெயர். அதற்குள்ளேயே மூலக்கோப்பு கடைசியாக மாறிய நேரமும் எழுதப்பட்டிருக்கும். காட்டும் முன் அந்த நேரமும் மூலக்கோப்பின் இப்போதைய நேரமும் சமமா என்று பார்க்க வேண்டும். “மூலம் புதியதா” என்று மட்டும் பார்த்தால் தவறு நேரும்: பேக்கப்பிலிருந்து பழைய பிரதி ஒன்றை அதே பெயரில் மேலெழுதினால், அதன் நேரம் பின்னோக்கிப் போகிறது, மென்பொருள் மாற்றத்தைக் கவனிக்காமல், மேலெழுதப்பட்டு அழிந்த படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சிறுபடத்தைத் தேட முகவரியே சாவி என்பதால், ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் அதற்குள் உள்ள எல்லாச் சிறுபடங்களும் அநாதையாகிவிடும். எல்லாம் மறுபடி உருவாக வேண்டும், பழையவை வட்டில் குப்பையாகக் கிடக்கும்.

ரா திருத்தத்தில் இந்தச் சோதனையும் போதாது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் மூலக்கோப்பு மாறுவதே இல்லை. மாற்றம் கேட்டலாகிலோ (மென்பொருளின் தரவுத்தளம்) படத்தின் பக்கத்திலேயே இருக்கும் தனித் துணைக் கோப்பிலோ போய் உட்காருகிறது. எனவே திருத்த அமைப்புகளும் சாவியில் சேர வேண்டும். திறக்க முடியாத கோப்பையும் பதிவு செய்தாக வேண்டும். லினக்ஸ் விதியில் இதற்கென்று தனி ஃபோல்டரே உண்டு. இல்லையென்றால் கெட்டுப்போன ஒரே கோப்பை, ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் முட்டி முட்டிப் பார்க்கும்.

லைட்ரூம் கிளாசிக்கில் மூன்று தனித்தனிச் சேமிப்புகள் இருப்பது தெரியாமல் பலர் தவறான இடத்தில் நேரம் செலவிடுகிறார்கள். படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் லைப்ரரி பகுதி, முன்பே செய்து வைத்த ப்ரிவ்யூ கோப்புகளைக் காட்டுகிறது. திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பெரிதும் நம்புவது கேமரா ரா கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பை. அதில் இருப்பது ரா தரவை முதற்கட்டம் பதப்படுத்திய நிலை. ஆகவே இரவெல்லாம் 1:1 (முழு அளவு) ப்ரிவ்யூ கட்டினாலும் டெவலப் ஸ்லைடர் வேகமாகாது. பயன் வேறு இடத்தில்: கண்ணில் ஃபோகஸ் விழுந்ததா என்று லைப்ரரியில் பெரிதாக்கிப் பார்த்துப் படம் கழிக்கும்போது காத்திருக்க வேண்டாம். சிறுபடத்தைப் பார்த்துக் கூர்மையை முடிவு செய்யவே கூடாது; சுருக்கும்போது லேசான ஆட்டம் மறைந்துவிடும்.

கேமரா ரா கேஷின் ஆரம்ப அளவு இப்போதைய பதிப்புகளில் 5 ஜிபி. பெரிய வேலைகளுக்கு அது சீக்கிரம் நிரம்பி, காலையில் பார்த்த படத்தின் தரவு மாலைக்குள் வெளியேறியிருக்கும். ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் 20 முதல் 50 ஜிபி வரை கூட்டி, எஸ்எஸ்டியில் வையுங்கள். மூன்றாவது ஸ்மார்ட் ப்ரிவ்யூ: நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சுருக்கிய டிஎன்ஜி (அடோபியின் ரா கோப்பு வடிவம்). மூலம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் கையில் இல்லாதபோதும் இதை வைத்துத் திருத்தலாம். டார்க்டேபிளில் சிறுபடங்களை முன்கூட்டியே கட்ட, மென்பொருளை மூடிவிட்டு, டெர்மினலில் ‘டார்க்டேபிள்-ஜெனரேட்-கேஷ்’ கட்டளையை ஓட்டலாம். தேவையான மேல்படியை அதிலேயே குறிப்பிட முடியும்.

சிறுபடங்கள் கறுப்பாகவோ பழையதாகவோ நின்றுவிட்டால், லைட்ரூமை மூடி ப்ரிவ்யூ ஃபோல்டரை மட்டும் நீக்குங்கள், மறுபடி உருவாகும். கேட்டலாக் கோப்பைத் தொடாதீர்கள், திருத்தங்கள் எல்லாம் அதில்தான். நீக்கும் முன் மூலப் படங்கள் உள்ள டிஸ்க் இணைந்து திறக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது செத்துப்போயிருந்தால், அந்த ப்ரிவ்யூவும் ஸ்மார்ட் ப்ரிவ்யூவும்தான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி. முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.